சிஸ்டர் மேல் நான் கொடுத்த புகார்

எங்கள் குடும்பத்தில் எனக்குக் கலெக்டர் என்று ஒரு பெயர் உண்டு. அதற்காக நான் ஒரு பரீட்சையும் எழுதவில்லை. ஐந்தாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில், திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், ஒரு நர்ஸ் மேல் பெரிய டாக்டரிடம் புகார் சொன்னேன். அவ்வளவுதான் என் தகுதி. பட்டத்தை வழங்கியவள் அப்பாவின் அக்கா, காணையில் வாழ்க்கைப்பட்ட எங்கள் அத்தை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே பத்துப் பேர் கூடினாலும் அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "இதான் நம்ம கலெக்டரு" என்று ஆரம்பித்துவிடுவாள். நானும் வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு, அத்தை எதையாவது விட்டுவிட்டால் எடுத்துக் கொடுப்பேன். இப்படியே பல வருஷம் ஓடியது.

எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே போகவேண்டும். அப்பா ரொம்ப நாளாகவே வயிற்றுவலி வந்தால் ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர். அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும்போது கொல்லையிலேயே சுருண்டு விழுந்தார். ஆட்டோவில் போட்டுத் திண்டிவனம் கொண்டுபோனோம். குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று அன்றைக்கே வயிற்றைத் திறந்து ஒட்டுப்போட்டார்கள். தம்பியை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போகமாட்டேன் என்று அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுததால் என்னை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவைத்தார்கள்.

அப்பாவின் மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய். வாய்க்கு மட்டும் ஒன்றும் கிடையாது. தையல் ஆறும்வரை பச்சைத்தண்ணீர்கூட உள்ளே போகக்கூடாது, உதடு காய்ந்தால் பஞ்சை நனைத்துத் துடைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமுடியுமா? ஆளுக்கு ஒரு ரொட்டிப் பாக்கெட், அரை டஜன் சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் என்று கொண்டுவந்து வைத்தார்கள். சொட்டுத் தண்ணீர் குடிக்கமுடியாத மனிதரின் தலைமாட்டில் ஒரு பெட்டிக்கடையே சேர்ந்துவிட்டது. அந்தக் கடைக்கு நான் ஒருத்திதான் வாடிக்கை. அந்த வாரத்தில் நான் ஒரு சுற்றுப் பெருத்தேன் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அம்மா அதில் ஒன்றையும் தொடவில்லை. ஆபரேஷன் முடிந்து அப்பாவை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது யாரோ அம்மாவிடம் டீயும் பன்னும் நீட்டினார்கள். "அவரு ஒரு வாய் சோறு துன்னட்டும், அப்பறம் நான் துன்னுக்கிறேன்" என்று அம்மா சொன்னாள். அந்த நேரத்துப் பதற்றத்தில் யாரும் சொல்கிற பேச்சுதான். ஆனால் பக்கத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

அத்தையைத் தப்பாகச் சொல்லமாட்டேன். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தினமும் காணையிலிருந்து முதல் பஸ் பிடித்து, விழுப்புரத்தில் மாறி, எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். அப்பாவின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்கமாட்டாள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரிடமும், "எங்க தம்பி பொண்டாட்டி பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்குது பாரு. அவன் துன்னாத்தான் அவ துன்னுவாளாம்" என்பாள். வந்தவர்கள் அம்மாவின் முகவாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இவ்வளவு புகழுக்குப் பிறகு ஒரு மனுஷி எப்படி எழுந்துபோய் இரண்டு இட்லி தின்பாள்? அம்மா டீத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டாள். தூங்கவும் இல்லை. சுவரில் சாய்ந்து டிரிப்ஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழும்.

மூன்றாம் நாள் அந்த சிஸ்டர் பகல் டூட்டிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். பொம்மையார்பாளையத்துக்காரர். கடற்கரையில் பேசிப் பழகிய குரல், வார்டின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் படுத்திருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ஆனால் அப்பாவிடம் மட்டும் பஞ்சுபோலப் பேசுவார். "இருமல் வந்தா அடக்காதீங்கண்ணே. தலகாணிய வயித்தோட அணச்சிக்கினு இருமுங்க, தையலு ஒண்ணும் ஆவாது. நான் கூடவே நிக்கிறேன்" என்று சொல்லி, இருமி முடிக்கும்வரை தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்பா பயந்த சுபாவம். சிஸ்டர் வந்த பிறகுதான் தைரியமாக இருமவே ஆரம்பித்தார்.

அம்மாவிடம் மட்டும் அவருக்கு என்ன விரோதமோ தெரியவில்லை. வந்த அன்றே ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, இன்னா எப்பப் பாத்தாலும் பேஷண்டு தலமேலயே நின்னுக்கினு இருக்க? இந்தா, இந்த டப்பாவ எடுத்துக்கினு ஜல்தியா லேபுக்குப் போ. ரிசல்ட்டு கைல வாங்காம திரும்பி வரக்கூடாது, சொல்லிட்டேன்!" என்று வார்டே அதிரக் கத்தி, பிளாஸ்திரி சுற்றிய ஒரு சின்ன டப்பாவை அம்மாவின் கையில் திணித்தார். அம்மா திருதிருவென்று விழித்துக்கொண்டு போனாள். திரும்பிவர இரண்டு மணி நேரம் ஆனது. புடவை கசங்கியிருந்தது. கண் சிவந்து வீங்கியிருந்தது. முகத்தை அப்போதுதான் கழுவியிருந்தாள்.

"இன்னாடி இவ்ளோ நேரம்?" என்றாள் அத்தை.

"லேபுல ஒரே கூட்டம் அண்ணி" என்றாள் அம்மா.

சாயங்காலம் இன்னொரு டப்பா. மறுநாள் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் அதே கத்தல், அதே இரண்டு மணி நேரம், அதே சிவந்த கண். அந்த வார்டில் எத்தனையோ நோயாளிகள், எத்தனையோ பேருக்குத் துணை ஆட்கள். ஒருவரையும் அந்த சிஸ்டர் இப்படி விரட்டவில்லை. எங்கோ அழைத்துப்போய் அம்மாவிடம் பாத்திரம் கழுவ வேலை வாங்குகிறார்கள், அழ அழத் திட்டுகிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. சாப்பிடாமல் கிடக்கிற என் அம்மாவை! எனக்கு வயிறு எரிந்தது. அத்தைக்கும் எரிந்தது. "இவளுக்கு நம்மூட்டுப் பொண்ணுதான் கெடச்சாளா" என்று அவள் முணுமுணுத்ததும் என் தீர்மானத்துக்கு வலு சேர்த்தது.

ஐந்தாம் நாள் காலை பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். நல்ல மனிதர், இரைந்து பேசமாட்டார். அப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம், "என்ன பாப்பா, ஸ்கூல் இல்லையா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், நான் இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "சார், இந்த சிஸ்டர் எங்கம்மாவ மட்டும் எப்பவும் திட்டறாங்க. தெனம் லேபுக்கு விரட்டி விரட்டி வேலை வாங்கறாங்க. எங்கம்மா அழுதுக்கினே வர்றாங்க."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "எந்த டெஸ்ட்டுக்கு அனுப்பினீங்க? நான் ரெண்டு நாளா ஒண்ணும் எழுதலையே?"

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "ஆமாங்க டாக்டரு. கொழந்த பொய் சொல்லாதுங்க. சோறு தண்ணி இல்லாம கெடக்கற பொம்பளய கூலி ஆளாட்டம் வெரட்டறாங்க."

அம்மாவின் முகம் வெளுத்துப் போயிற்று. ஓர் அடி முன்னால் வந்து, "இல்லங்க சார், சிஸ்டரு வந்து..." என்று ஆரம்பித்தாள். சிஸ்டர் அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்பதுபோல் ஒரே ஓர் ஆட்டல். அம்மா நிறுத்திக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பேசினால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"தப்புதான் சார்" என்றார் சிஸ்டர். அந்தப் பெரிய குரல் அப்போது பக்கத்தில் நின்றவருக்கு மட்டும்தான் கேட்டது.

"கூட இருக்கறவங்கள வேலை வாங்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? நீங்களே இப்படிச் செய்யலாமா? இன்னிக்கே பொம்பளைங்க வார்டுக்கு மாறிக்குங்க" என்றார் டாக்டர். சிஸ்டர் கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, அப்பாவின் தலையணையை ஒரு தடவை சரிசெய்துவிட்டுப் போனார். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, "எங் கண்ணு! கலெக்டரு மாதிரி கேட்டியே!" என்று நெட்டி முறித்தாள். பட்டம் பிறந்தது அப்போதுதான். அம்மா என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் முகத்தைக் கழுவிவிட்டாள். ரொம்ப நேரம் கழுவினாள். பாராட்டு வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அதைப்பற்றி அம்மா வாய் திறக்க அத்தை சாகவேண்டியிருந்தது. அத்தையின் காரியம் முடிந்து நானும் அம்மாவும் காணையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கே அப்போது கல்யாணமாகி ஒரு பிள்ளை. காரியத்துக்கு வந்திருந்த யாரோ என்னைக் கலெக்டர் என்று கூப்பிட்டதை நான் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்த சிஸ்டரு என்னைத் தூங்க வெச்சுதுடி" என்றாள்.

முதல் தடவை டப்பாவை எடுத்துக்கொண்டு அம்மா நிஜமாகவே லேபுக்குத்தான் போயிருக்கிறாள். சீட்டு இல்லாமல் எப்படி என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழியில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் கையைப் பிடித்து, நர்ஸுகள் உடை மாற்றுகிற அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கட்டில். டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. "நான் நல்ல மாதிரி சொன்னா நீ வரமாட்ட. வந்தாலும் உங்க நாத்தனாரு நாளைக்கி பேசும். நான் வெரட்னா யாரும் உன்ன பேச முடியாது, என்னைத்தான் பேசுவாங்க. பேசிக்கினு போறாங்க. நீ படு" என்றாராம். தன்னுடைய டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தார். அம்மா விரதம் என்று கையை இழுத்துக்கொண்டிருக்கிறாள். "வயித்துல ஒட்டுப்போட்டது உங்க வூட்டுக்காரருக்கு. உனக்கு இன்னா வந்துது? நாளைக்கி அவரு எழுந்து நடக்கும்போது புடிச்சிக்க யாரு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"நாலு வாய் துன்னேன். அப்பறம் அழுதேன் பாரு, அப்பிடி ஒரு அழுகை. வார்டுல அழுதா உங்கப்பா பயந்துக்குவாருன்னு அடக்கிக்கினே இருந்தேன் இல்ல. அது ஒண்ணுமே சொல்லல. அழாதன்னுகூட சொல்லல. பக்கத்துல உக்காந்து காயத்துக்கு வைக்கற துணிய மடிச்சிக்கினே இருந்துது. அழுது முடிச்சதும், தூங்கு, எழுப்பறேன்னுச்சு" என்றாள் அம்மா.

"டாக்டர் கேட்டப்ப நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"உங்க அத்த எதிர்லயா? அதனாலதான சிஸ்டரு வாய மூடிக்கினு போச்சு."

எனக்குப் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. எத்தனை கல்யாண வீடுகளில் நின்று அந்தக் கதைக்கு நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! ஆனால் அம்மா அன்று சொன்னது பாதிதான். மீதிப் பாதி என்னிடம் இருந்தது. அதை அம்மா கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

புகார் கொடுத்த அன்றைக்கே மத்தியானம், ஊசிபோடும் அறைப் பக்கம் சிஸ்டர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அடிப்பாரோ என்று தயங்கித் தயங்கித்தான் போனேன். அவர் ஒரு டிபன் பாக்ஸைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "பாப்பா, இத அம்மா கைல குடு. உங்க அத்த எதிர்ல குடுக்காத. வெளிய கூப்ட்டு, மரத்தடில உக்காந்து துன்னச் சொல்லு. செரியா?"

எனக்குப் புரிந்துவிட்டது, லஞ்சம். அத்தைக்குத் தெரியக்கூடாது என்றால் வேறு என்னவாக இருக்கும்? காலையில்தான் கலெக்டர் ஆனவள் மத்தியானமே லஞ்சத்துக்குத் துணை போகலாமா? அம்மாவின் விரதத்தை வேறு கெடுக்கப் பார்க்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. கொண்டுபோய்க் கொட்டிவிடுவது என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் இருந்த மரத்தடிக்குப் போனேன். கொட்டுவதற்கு முன் என்ன இருக்கிறது என்று பார்க்கத் திறந்தேன். தயிர்ச் சோறு. ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். ஐந்து நாளாக ரொட்டியும் சாத்துக்குடியும் தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. ஒரு வாய் எடுத்தேன். அப்புறம் மூடி வைக்க மனம் வரவில்லை. விரலில் ஒட்டியிருந்ததையும் நக்கிவிட்டு, பாக்ஸைக் குழாயில் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அம்மா சாப்ட்டாங்களா?"

"சாப்ட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஊறுகா நல்லா இருந்துச்சாம்."

அன்று காலையில் எல்லோர் முன்பும் தலைகுனிந்து நின்ற அந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரி" என்றார். திட்டு வாங்கிய சிஸ்டர் என்னைப் பாராட்டுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. அவருக்கும் என்னைக் கண்டு பயம் வந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பாவின் மூக்குக் குழாயை எடுத்தார்கள். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். அத்தைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "நீயே குடுடி, நீ கெடந்த கெடைக்கி நீதான் குடுக்கணும்" என்று அம்மாவை முன்னால் தள்ளினாள். அம்மா தம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு குனிந்தாள். முதல் ஸ்பூன் அப்பாவின் உதட்டுக்குள் போயிற்று. இரண்டாவது ஸ்பூன் அவர் கழுத்தில் கொட்டியது. தம்ளர் கீழே உருண்டது. அம்மா கட்டில் ஓரமாகச் சரிந்து தரையில் விழுந்து கிடந்தாள். அப்பா எழுந்திருக்கவும் முடியாமல், கத்தவும் முடியாமல், தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திணறினார். அவர் முகம் அப்படிப் போனதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டது பெண்கள் வார்டில். ஓடிவந்து டிரிப்ஸ் ஏற்றியது அதே சிஸ்டர். நான் கட்டில் கால்மாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மா கண்ணைத் திறந்தாள். சிஸ்டர் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, இட்லியைப் பிட்டு ஊட்டினார். இப்போது அம்மாவும் பேஷண்டு. அத்தை அந்தப் பக்கம் நின்று, "துன்னுடி, டாக்டரே துன்னச் சொல்லிட்டாரு" என்று அவளே வற்புறுத்திக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவைப் பார்க்க அடுத்த வார்டுக்குப் போனாள்.

அத்தை போனதும் சிஸ்டர் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, நேத்து மத்தியானம்தான பாப்பாகிட்ட சோறு குடுத்தனுப்பினேன். எல்லாத்தையும் சாப்ட்டன்னு சொல்லிச்சே. அப்பறமும் எப்புடி இப்புடி மயக்கம் வந்துது?"

அம்மா ஒன்றும் புரியாமல் சிஸ்டரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் கட்டில் கம்பியைப் பார்த்தேன்.

"ஆமா சிஸ்டர், சாப்ட்டேன்" என்றாள் அம்மா. "எல்லாத்தையும் சாப்ட்டேன். கொழந்த கொண்டாந்து குடுத்துச்சு."

மயக்கம் போட்டு விழுந்ததில் அம்மாவுக்கு முதல்நாள் நடந்தது மறந்துபோய்விட்டது, நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு அப்பாவின் வார்டுக்கு ஓடினேன்.